மேடத்தின் சாம்பிள்

புருஷன் மேல் பெண்டாட்டிக்குப் பொறாமை வருவதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் டீச்சருக்கு வந்தது வேறு தினுசு. புருஷன் வேறு எவளையோ பார்த்தார் என்பதால் வந்ததல்ல. அவர் பார்த்தது இவள் பெற்ற மகளைத்தான். அந்த மகளும் அவரைத்தான் பார்த்தாள். டீச்சரின் வயிற்றெரிச்சலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடத்தில் வேலை. பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இவள் மிதிப்பாள். நாள் முழுக்க மிதித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் வாய் ஓயாது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவளிடம் கார் கற்றுக்கொள்ள வந்தவர்தான். பயிற்சி முடியும்வரை "சரிங்க", "சாரிங்க" என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் பேசவில்லை. முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டு, அடுத்த வாரம் மறுபடி வந்து காருக்குப் பக்கத்தில் நின்றார். "இன்னும் என்ன கத்துக்கணும்?" என்று இவள் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லங்க" என்றார். போகவும் இல்லை. கல்யாணம் அப்படித்தான் முடிவானது. இன்றுவரை அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

மகளுக்கு வீட்டில் பெயர் மேடம். எல்லாரையும் காக்க வைத்து, எதற்கும் பதில் சொல்லாமல், தான் நினைத்ததை நினைத்த நேரத்தில் செய்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? நடை பழகி கொஞ்ச நாளிலேயே டாக்டர்கள் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம், அதிலும் செலவழிப்பது அதைவிடக் குறைவு.

மேடத்தின் வேலைகள் எல்லாம் டீச்சர் தலையில். புதுச் சட்டை வாங்கினால் கழுத்துப் பட்டையில் தைத்திருக்கும் லேபிளை நூல்கூட மிஞ்சாமல் பிரித்தெடுக்க வேண்டும். மிக்ஸி போடுவதற்கு முன்னால் காதுக்கு மூடி மாட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போய், அங்கே தரையில் கூடவே படுத்து உருள வேண்டும். உருளைக்கிழங்கை மசித்து, சூடு பார்த்து, ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்ட வேண்டும். இத்தனையும் செய்தால் மேடம் ஏறிட்டும் பார்க்கமாட்டாள். சாயங்காலம் கிரீஸ் வாசனையோடு அவர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், சுவரோரமாகத் தரையில் உட்காருவார். அவ்வளவுதான். மேடம் தானாக வந்து அவர் தோளில் முதுகைச் சாய்த்துக்கொள்வாள்.

அதற்குப் பிறகு ஒரு விளையாட்டு நடக்கும். அவர் தொண்டைக்குள் மோட்டார் சத்தம் போல முனகுவார். லிஃப்ட் ஏறுகிறதாம். மேடம் அவர் முழங்காலை அழுத்துவாள். முனகல் மெல்லத் தணிந்து நிற்கும். "டிங்" என்பார். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு டீச்சர் அடுப்படியில் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாக வைப்பாள்.

ஒருநாள் வெட்கத்தை விட்டுவிட்டு அவளும் சுவரோரம் உட்கார்ந்து முனகிப் பார்த்தாள். "டிங்" கூடச் சொன்னாள். ராங் நம்பர் என்று தெரிந்ததும் போனை வைப்பது போல மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனாள்.

எரிகிறதில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே நாத்தனார் ஒருத்தி இருந்தாள். வாரம் தவறாமல் போன் செய்வாள். "அப்படியே என் தம்பிய உரிச்சு வச்சிருக்கு. அவனும் சின்னதுல இப்படித்தான். ஒரு கதவைத் தொறந்து தொறந்து மூடிட்டே இருப்பான்" என்பாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். டீச்சர் காதில் அது பட்டா வாசிப்பது போல விழுந்தது. பெற்றவள் ஏதோ வாடகைக்கு வந்தவள் மாதிரி.

மேடத்துக்குப் பல் சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்தபோது, கூடவே கொஞ்சம் ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஏதோ தெரிந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். மேடம் பள்ளியில் இருந்த நேரமாகப் பார்த்து இருவரும் போனார்கள். மரபணு ஆலோசகர் சின்ன வயசுப் பெண். மேஜையில் டிஷ்யூ டப்பாவை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்திருந்தாள். அழுகிறவர்கள் நிறைய வருவார்கள் போலிருக்கிறது.

"வயித்துல குழந்தை வளரும்போது மூளையில இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் சேதி வந்துட்டே இருக்கும்" என்று அவள் ஆரம்பித்தாள். "வளரு, பிரி, அந்தப் பக்கம் நகரு, இங்க நில்லு, பக்கத்துச் செல்லோட கை கோத்துக்கோன்னு. வெளியில இருந்து வர்ற சேதிய செல்லுக்குள்ள ஒரு புரதம் இன்னொரு புரதத்துக்குச் சொல்லும், அது அடுத்ததுக்குச் சொல்லும். அந்த வரிசையில 'வளரு'ங்கற சேதி அளவுக்கு மீறிப் போகாம பார்த்துக்க ஒரு ஜீன் இருக்கு. உங்க பொண்ணுக்கு அந்த ஜீன்லதான் ஒரு எழுத்து மாறியிருக்கு."

"பிரேக்" என்றாள் டீச்சர்.

ஆலோசகர் நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா. பிரேக்னே வச்சுக்கலாம்."

"பிரேக் பிடிக்கவே பிடிக்காதா?"

"பிடிக்கும். எல்லாருக்கும் அந்த ஜீன் ரெண்டு இருக்கும். அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. அவளுக்கு ஒண்ணு நல்லா வேலை செய்யுது, இன்னொண்ணு சரியா செய்யல. அதனால சில நரம்பு செல் கொஞ்சம் அதிகமா வளரும். இணைப்பு கொஞ்சம் அதிகமாவே இருந்துடும். சத்தம், வெளிச்சம், தொடுறது, எல்லாம் நமக்கு வர்ற மாதிரி அவளுக்கு வராது. ஆனா இந்த ஒரு ஜீன்தான் மொத்தக் கதைன்னு சொல்லமாட்டேன். ஆட்டிசத்துல நூத்துக்கணக்கான ஜீனுக்குப் பங்கு இருக்கு. இதே மாற்றம் இருக்கிற ரெண்டு குழந்தைங்க ஒரே மாதிரி இருக்கமாட்டாங்க."

லிஃப்ட்காரர் அதுவரை டிஷ்யூ டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மாறினது எங்கிட்ட இருந்து வந்ததா?" என்று கேட்டார்.

"இனிமேதான் தெரியும். உங்க ரெண்டு பேர் சாம்பிளும் வேணும். குழந்தையோடதும் இன்னொரு தடவை வேணும், முதல்ல வந்தத உறுதிப்படுத்திக்க. யாரோடதா இருந்தாலும் அதுல தப்புன்னு ஒண்ணும் கிடையாது. நீங்க சாப்பிட்டது, செஞ்சது, செய்யாதது, எதனாலயும் இது வரல."

பழி யார் தலையில் விழுமோ என்று பெற்றோர்கள் பயப்படுவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு இந்த வசனம் மனப்பாடமாகியிருந்தது. டீச்சருக்கு அந்தப் பயமே இல்லை. அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அது என்னுடையதாக இருக்க வேண்டும். பழியோ பாவமோ, மேடத்துக்குள் ஏதாவது ஒன்று என்னிடமிருந்து போயிருக்க வேண்டும். அதுவும் பிரேக். உலகத்தில் அது யாருடையதாக இருக்க முடியும்? கணவர் கேட்ட கேள்வியை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. தோளைக் கொடுத்தாயிற்று, சிரிப்பை வாங்கியாயிற்று. இப்போது இதுவும் வேண்டுமாம்.

மேடத்துக்கு ஆஸ்பத்திரி வாசலே ஆகாது என்பதால் வீட்டிலேயே எடுத்து அனுப்பப் பெட்டி கொடுத்தார்கள். பெரியவர்கள் குழாயில் எச்சில் துப்பினால் போதும். துப்பத் தெரியாத குழந்தைகளுக்கு நுனியில் ஸ்பாஞ்சு வைத்த குச்சிகள். சாப்பிட்டு அரைமணி கழித்து, கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து, குழாயில் போட்டு மூட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முயன்று பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்தார். மேடம் சாய்ந்துகொண்டாள். லிஃப்ட் ஏறியது, இறங்கியது, "டிங்" ஆயிற்று. குச்சி உதட்டுக்கு அருகில் வந்ததும் மட்டும் வாய் பூட்டிக்கொண்டது. அவர் இன்னொரு மாடி ஏறினார். பூட்டு திறக்கவில்லை. குச்சியை உறைக்குள் வைத்துவிட்டு, "விட்டுடு டீச்சர். அவளுக்குப் பிடிக்கல" என்றார்.

டீச்சருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பெற்ற பிள்ளையின் பரிசோதனை தடைபட்டதற்கு ஒருத்தி சந்தோஷப்படலாமா என்று கேட்டால், படலாம், அவள் பட்டாள்.

மறுநாள் அவரை எங்கோ நடுமாடியில் நின்றுபோன லிஃப்ட்டுக்கு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள். இவள் மேடத்தை அடுப்படி நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் எப்போதும் சாப்பிடுகிற நாற்காலி. வேலையில் நடந்தது, காரில் ஒரு ஆள் ரிவர்ஸ் போட்டுக் குப்பைத்தொட்டியைச் சாய்த்தது என்று எதையோ பேசிக்கொண்டே குச்சியைப் பிரித்தாள். மேடம் வாயைத் திறந்தாள். அடுத்த குச்சி, மறுபடி திறந்தாள். ஒன்றும் நடக்காதது போல எல்லாக் குச்சிகளும் குழாய்க்குள் போய்ச் சேர்ந்தன.

சாயங்காலம் மூடிய குழாயைப் பார்த்த லிஃப்ட்காரர், "எப்படி எடுத்த?" என்றார்.

"அதெல்லாம் கைராசி" என்றாள். அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்தார். அன்றைக்கு டீச்சர் தானாகவே நாத்தனாருக்குப் போன் போட்டாள். "உங்க தம்பியால முடியல. எங்கிட்ட உடனே தொறந்துட்டா" என்று மூன்று விதமாகச் சொன்னாள்.

முடிவு வர வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களில் டீச்சர் சாட்சிகள் சேர்க்க ஆரம்பித்தாள். தனக்கும் கம்பளிச் சட்டை அரிக்கும். தனக்கும் பலூன் வெடித்தால் ஆகாது. பக்கத்தில் ஒருவர் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு வியர்த்துக்கொண்டிருக்க, இவள் இதையெல்லாம் விரல்விட்டு எண்ணுவாள். வலுவான சாட்சி வேண்டும் என்று தன் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நான் சின்னதுல எப்படி இருந்தேன்?"

"எப்படி இருந்த? வாய மூடாம பேசிட்டே இருந்த."

"வேற? ஒரே பொருள வரிசையா அடுக்கிட்டு இருக்கிறது, யார்கிட்டயும் ஒட்டாம இருக்கிறது, அந்த மாதிரி?"

"நீயா? ரோட்டுல போறவங்களக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுவியே."

போனை வைத்துவிட்டாள். அண்ணனுக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று முடிவுகட்டினாள். அன்றைக்கு ஒரு மாணவர் சரியாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். இவள் காரணமே இல்லாமல் பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தித் திட்டிவிட்டுப் போனான்.

ஆலோசகர் மறுபடி கூப்பிட்டாள். அதே அறை, அதே டிஷ்யூ டப்பா. டீச்சர் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்க ரெண்டு பேர் சாம்பிளும் தெளிவா வந்திருக்கு" என்றாள் ஆலோசகர். "அந்த மாற்றம் உங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்ல."

"இல்லன்னா?"

"புதுசா வந்திருக்கு. முட்டையிலயோ விந்துலயோ, இல்ல கரு உண்டான ஆரம்பத்துலயோ, நகல் எடுக்கும்போது ஒரு எழுத்து மாறியிருக்கும். யாருக்கும் நடக்கக்கூடியது. அப்பாகிட்டயும் இல்ல, அம்மாகிட்டயும் இல்ல."

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். ஆலோசகர் அதற்காகக் காத்திருந்தாள். டீச்சர் மூச்சு விடவில்லை.

"என்னோடது இல்லையா?" என்றாள். "நல்லா பார்த்தீங்களா? ரெண்டு தடவை பார்த்தீங்களா?"

"பார்த்தோம்ங்க. இது நல்ல விஷயம்தான்."

யாருக்கு நல்ல விஷயம்? டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருக்கும் கிடைக்கவில்லை என்பது மட்டுமே ஆறுதல். அந்த ஆறுதலும் நிற்கவில்லை. அவருக்குத்தான் மற்றது எல்லாம் இருக்கிறதே. தோள் இருக்கிறது, முழங்கால் இருக்கிறது, டிங் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? லேபிள் பிரிக்கிற கத்தரிக்கோல் இருக்கிறது. டப்பாவிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

ஆலோசகர் தயங்கினாள். "இன்னொரு விஷயம். குழந்தையோட சாம்பிள நாங்க பயன்படுத்த முடியல. அவசரம் ஒண்ணும் இல்ல, எப்பவாவது ரத்தம் எடுக்கும்போது சேர்த்து எடுத்துக்கலாம். ஆனா அந்தக் குழாய்ல ரெண்டு பேரோட செல் கலந்திருக்கு. ஒண்ணு குழந்தையோடது. இன்னொண்ணு உங்களோடது. அந்தக் குச்சி தெரியாம உங்க வாய்ல பட்டுச்சா?"

டீச்சருக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. "என் வாய்லயா? நான் என்ன பைத்தியமா? குறிப்ப வரி விடாம படிச்சுட்டுதான் எடுத்தேன். இவரால முடியல, நான் எடுத்தேன். உங்க லேப்ல மாத்திட்டு என்மேல சொல்றீங்களா?"

"லேப்ல கலந்திருந்தா வேற மாதிரி தெரியும்ங்க."

"படவே இல்ல. சத்தியமா சொல்றேன்."

"பட்டிருக்கும் டீச்சர்" என்றார் லிஃப்ட்காரர்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தன் விரல் நகத்தில் இருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஊட்டும்போது ஒவ்வொரு ஸ்பூனும் முதல்ல உன் உதட்டுக்குப் போகும். சூடு பார்க்க. ஆறிப்போனதா இருந்தாலும் போகும். அதுக்கப்புறம்தான் அவ வாயத் தொறப்பா. உனக்குத் தெரியாது. கை பாட்டுக்குச் செய்யும், நீ பாட்டுக்குப் பேசிட்டு இருப்ப. அந்தக் குச்சியையும் அப்படித்தான் செஞ்சிருப்ப. இல்லன்னா அவ தொறந்திருக்கமாட்டா."

டீச்சர் யோசித்துப் பார்த்தாள். அடுப்படி நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. குப்பைத்தொட்டிக் கதை ஞாபகத்துக்கு வந்தது. கை என்ன செய்தது என்பது மட்டும் வரவில்லை. ஆனால் நாக்கில் ஸ்பாஞ்சின் சொரசொரப்பு இருந்தது.

"லைசென்ஸ் புதுப்பிக்க நீ வெளியூர் போனியே, அப்ப நான்தான் ஊட்டினேன்" என்று அவர் தொடர்ந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை. "உன்ன மாதிரியே செஞ்சேன். உதட்டுல வச்சுட்டுக் குடுத்தேன். தொறக்கல. வாசல் கதவையே பார்த்துட்டு உக்காந்திருந்தா. நீ வர்ற வரைக்கும் அவளே பாட்டில எடுத்துப் பால் குடிச்சா, அவ்வளவுதான். நீ போன்ல கேட்டப்ப சாப்பிட்டான்னு பொய் சொன்னேன்."

"ஏன்?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு. எங்கிட்ட வந்து சாயறா, சரி. சுவரு மேலயும்தான் சாயறா. ஆனா ஒரு பொருள வாய்க்குள்ள விடறதுக்கு அவளுக்கு உலகத்துல ஒரே ஒரு ஆள்தான் சொல்லணும். அது நான் இல்ல. நீ ஊட்டறதப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும் டீச்சர். அதனாலதான் அந்த ஜீனாவது எங்கிட்ட இருந்து போயிருக்கான்னு கேட்டேன்."

ஆலோசகர் டிஷ்யூ டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "அந்தக் கலந்துபோன சாம்பிள்ல, நான் எவ்வளவு இருக்கேன்?"

"நிறைய. பாதிக்கு மேல நீங்கதான்."

"அத பிரிண்ட் போட்டுத் தருவீங்களா?"

"அது செல்லாத முடிவுங்க. எதுக்கும் உதவாது."

"செல்லாட்டி பரவாயில்ல" என்றாள் டீச்சர்.

திரும்பும்போது அவர் கார் ஓட்டினார். இவள் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தாள். ஒரு திருப்பத்தில் மட்டும், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தாள்.

சாயங்காலம் மேடம் அடுப்படி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். டீச்சர் உருளைக்கிழங்கை மசித்து ஆறவைத்தாள். முதல் ஸ்பூனை எடுத்தபோது தன் கையை ஒரு திருடனைக் கவனிப்பது போலக் கவனித்தாள். அவர் சொன்னது சரிதான். கை தானாக வளைந்து உதட்டுக்கு வந்தது. மேடத்தின் கண்ணும் கூடவே வந்தது. ஏறிட்டே பார்க்கமாட்டாள் என்று இவள் நாளெல்லாம் புலம்பிக்கொண்டிருந்த கண்கள், ஸ்பூன் உதட்டில் படுகிற அந்த ஒரு கணம் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை வருஷம், ஒவ்வொரு வேளையும், ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பார்த்திருக்கிறாள். இவள்தான் வேறெங்கோ பார்த்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

லிஃப்ட்காரர் நிலைப்படியில் நின்றார். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. அன்றைக்குக் காருக்குப் பக்கத்தில் நின்றாரே, அதே மாதிரி.

டீச்சருக்கு மனசே இல்லை. இது ஒன்றுதான் என்னுடையது, இப்போதுதான் கைக்குக் கிடைத்திருக்கிறது, இதையும் பங்கு போட வேண்டுமா என்று இருந்தது. கொஞ்ச நேரம் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மேடம் பார்க்கும்படி அதை உதட்டில் ஒற்றி, அவர் பக்கம் நீட்டினாள்.

"பிடிங்க."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேடம் ஸ்பூனைப் பார்த்தாள். அம்மாவின் வாயைப் பார்த்தாள். அப்பாவின் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டாள்.

அவர் காலி ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாய்க்காகக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஒரு வாய் போதும்" என்று சொல்லி டீச்சர் ஸ்பூனைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.